வாத்து இறகுக்கு அடியில்

"கண்ணை மூடிக்கோம்மா, வீட்டுல படுத்திருக்கிற மாதிரியே நினைச்சுக்கோ" என்று சொல்லிவிட்டு, கடைக்காரர் டேவிட்ராஜ் அந்த வெள்ளைக் கம்ஃபர்ட்டரை ஒரு உதறு உதறி உலகம்மையின் மேல் விட்டார். அது விழவில்லை, மெதுவாக இறங்கியது. இறங்கின பிறகும் மேலே ஏதாவது இருக்கிறதா என்று சந்தேகமாகத்தான் இருந்தது. குன்னூர் பஸ் ஸ்டாண்டுக்கு மேலே ஏறுகிற ரோட்டில் ஒரு மெத்தைக் கடை, கடை நடுவில் ஆளுக்குக் காட்டப் போட்டிருந்த டபுள் காட், அதில் செருப்பைக் கழற்றிவிட்டு மல்லாந்து கிடக்கிறாள் உலகு. தென்காசியிலிருந்து அக்கா வீட்டுக்கு விருந்தாக வந்தவள், நியாயமாகப் படுக்க வேண்டியது அவளில்லை. படுக்க வேண்டிய ரெண்டு பேரும் கட்டிலின் கால்மாட்டில் நிற்கிறார்கள். ஒன்று அவளுடைய அக்கா கோமதி. இன்னொன்று அக்காவை ஆவணியில் கட்டிக்கொண்ட நயினார் அத்தான், இங்கே கரண்ட் ஆபீஸில் இன்ஜினியர். "ஜோடியா வந்தா ஜோடியாப் படுத்துப் பாக்கணும் சார், அதுதான் நம்ம கடை வழக்கம், யாருக்கு எது ஒத்துக்கும்னு அப்பத்தான் தெரியும்" என்று டேவிட்ராஜ் சொன்னதுமே அத்தான் மேலே எரிகிற ட்யூப்லைட்டைப் பார்த்தார், அக்கா கீழே தரையைப் பார்த்தாள். ரெண்டு பேருக்கும் காது சிவந்துபோயிற்று. தாலி கட்டியாயிற்று, தலை தீபாவளி கொண்டாடியாயிற்று, இன்னும் என்ன வெட்கமோ. "ஏட்டி உலகு, நீ படுத்துப் பாருட்டி" என்று அக்கா அவளைத் தள்ளிவிட்டாள். ரெண்டு பேருக்கும் பதிலாக ஒருத்தி படுக்க வேண்டும். ஒருத்தியின் குளிரை இன்னொருத்தி குளிர்ந்து காட்ட முடியுமா என்று யாரும் கேட்கவில்லை. உலகு கேட்டிருப்பாள். ஆனால் காலையிலிருந்து வாயை மூடிக்கொண்டிருப்பதே பெரிய வேலையாக இருந்ததால் கேட்கவில்லை.

சூடு இன்னும் வரவில்லை. கால் விரல் பக்கம் மட்டும் யாரோ மூச்சு விடுகிற மாதிரி இருந்தது. வாத்து இறகாம். வயிற்றுப் பக்கத்து இறகு, குச்சி இல்லாத இறகு, தானாக உதிர்ந்தது என்று டேவிட்ராஜ் அழுத்திச் சொன்னார், ஏனென்றால் அக்கா முதலில் கேட்டதே "கொன்னு எடுக்கதா?" என்றுதான். சைவக் குடும்பம். முட்டை வாங்கினாலே அம்மா அதைக் கொல்லைப் பக்கமாகக் கொண்டுபோகச் சொல்லுவாள். இப்போது ஒரு வாத்துக் கூட்டத்தையே மேலே போர்த்திப் படுத்திருக்கிறோமே என்று உலகுக்குச் சிரிப்பு வந்தது. தென்காசியில் அறுப்பு முடிந்த வயலில் வாத்து மேய்க்க வருவார்கள். அத்தனை வாத்தும் ஒரே நேரத்தில் கத்திக்கொண்டு, ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு, ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டு போகும். வாத்துகள் எதையும் மனசுக்குள் வைத்துக்கொள்ளாது. தள்ளு என்றால் தள்ளு, போ என்றால் போ. மனுஷனுக்கு மட்டும்தான், "உங்களுக்கு எது சரியோ அது." இந்த வாக்கியத்தைக் கேட்டாலே உலகுக்குப் பல்லைக் கடிக்கத் தோன்றும். உங்களுக்கு எது சரியோ அது. இதோ, கால்மாட்டிலிருந்து மறுபடியும் வருகிறது. "எனக்கென்ன, எதுன்னாலும் சரி. ஆனா கனமாவே எடுத்துருவோமே. எனக்குக் குளிருதுல்லா" என்கிறாள் அக்கா. "கனமா எதுக்கு? லேசானது போதும். எனக்கெல்லாம் இந்தக் குளிரு ஒரு குளிரே கெடையாது" என்கிறார் அத்தான். பொய். ரெண்டுமே பொய். சுத்தமான, கலப்படமில்லாத பொய். போர்வைக்கு அடியில் படுத்துக்கொண்டு அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறவளுக்கு மட்டும்தான் ரெண்டும் பொய் என்று தெரியும்.

அக்காவுக்குக் குளிராது. அக்காவுக்குக் குளிர்ந்து உலகு பார்த்ததே இல்லை. மார்கழியில் எல்லோரும் காதைக் கட்டிக்கொண்டு கிடக்கும்போது அவள் பாயைச் சுருட்டி வைத்துவிட்டு வெறும் தரையில் கன்னத்தைப் பதித்துப் படுப்பாள். கொஞ்ச நேரத்தில் அந்த இடம் சூடாகிவிடும், உருண்டு அடுத்த இடத்துக்குப் போவாள், விடியும்போது படுத்த இடத்துக்கும் அவளுக்கும் சம்பந்தமே இருக்காது. சூட்டு உடம்பு. செவ்வாய் வெள்ளி எண்ணெய்க் குளியல், காலையில் ஊற வைத்த வெந்தயம், வெயில் காலத்தில் நுங்கு, எதற்கும் அது அடங்கவில்லை. சின்ன வயசில் உலகு அவள் முதுகில் ஒட்டிக்கொண்டு தூங்குவாள். பள்ளிக்கூடத்தில் நனைந்துவிட்டு வந்தால் அக்காவிடம் போய் ஒட்டிக்கொண்டால் போதும், துணியே காய்ந்துவிடும். அவ்வளவு நல்ல விஷயம் அது. அதைப்போய் அம்மா ஏதோ கெட்ட சங்கதி மாதிரி ஆக்கிவிட்டாள். கல்யாணத்துக்கு முதல் நாள் அடுப்படியில் வைத்து அக்காவிடம் சொன்னாள். உலகு அப்போது முறுக்கு டப்பாவுக்குள் கையை விட்டுக்கொண்டிருந்தாள், அதனால் முழுசாகக் கேட்டது. "உனக்குச் சூட்டு உடம்புன்னு அங்க போயி வாயத் தொறந்துராத. சூட்டு உடம்புக்காரிக்குப் பிள்ளை தங்காதுன்னு அவுங்க வீட்டுல ஒரு பேச்சு கெளம்புச்சுன்னா பொறவு நம்மளால அடக்க முடியாது." எந்த டாக்டர் சொன்னான் என்று உலகு கேட்டாள். "நீ ப்ளஸ் டூவோட படிப்ப நிப்பாட்டுனவ, நீ பேசாத" என்றாள் அம்மா. படிப்பை நிறுத்தினதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? இப்போதெல்லாம் உலகு என்ன கேட்டாலும் பதில் அதுதான். ஏன் குழம்பில் உப்பு இல்லை என்று கேட்டாலும் நீ ப்ளஸ் டூவோட நிப்பாட்டுனவ. சரி, நிப்பாட்டினேன், பிடிக்கவில்லை, பிடிக்கவில்லை என்று சொன்னேன். வீட்டிலேயே ஒரு ஆள் தனக்குப் பிடிக்காததைப் பிடிக்கவில்லை என்று சொன்னது அது ஒன்றுதான் முதல் தடவையாக இருக்கும், அதனால்தான் எல்லாருக்கும் அவ்வளவு அதிர்ச்சி. அப்பா மட்டும் கத்தவில்லை. "உன் இஷ்டம்மா" என்றார். சொல்லிவிட்டு ரெண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. வலிக்கிறது என்று சொல்லித் தொலைத்திருந்தால் உட்கார்ந்து பேசியிருக்கலாம். உன் இஷ்டம்மா.

இப்போது சூடு முட்டி வரைக்கும் ஏறியிருந்தது. நன்றாக இருந்தது என்று ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். கம்பளி மாதிரிக் குத்தவில்லை, சீருக்குக் கொடுத்த பஞ்சு ரஜாய்ப் போர்வை மாதிரி நெஞ்சில் உட்காரவில்லை. "இது இருக்கறதுலயே கனமான சரக்குங்க மேடம். மைனஸ் டிகிரிக்கே தாங்கும்" என்கிறது டேவிட்ராஜின் குரல், தண்ணீருக்குள்ளிருந்து கேட்கிற மாதிரி. குன்னூரில் மைனஸ் டிகிரிக்கு எங்கே போவது? ஆனால் அத்தானைக் கேட்டால் போன வாரமே வந்துவிட்டது என்பார். அத்தான் திருச்செந்தூர்க்காரர். கடல் உப்பிலும் தேரிக்காட்டுச் செம்மணல் வெயிலிலும் வெந்து வளர்ந்த உடம்பு, மலைக்கு வந்து இத்தனை வருஷமாகியும் காலையில் பைப்பைத் திறக்கும்போது முருகா முருகா என்று கூப்பிடுகிறது. அந்த மனுஷன்தான் பெண் பார்க்க வந்த அன்றைக்குக் கேசரியைக் கையில் வைத்துக்கொண்டு சபையில் சொன்னார், "குளிரெல்லாம் நமக்கு ஒரு விஷயமே இல்ல, நான் அங்க சட்டைய மடிச்சு விட்டுக்கிட்டுத்தான் அலைவேன்." யார் கேட்டார்கள்? யாருமே கேட்கவில்லை. சொல்லிவிட்டார், சொன்னதைக் காப்பாற்ற வேண்டியதாகிவிட்டது. போன செவ்வாய்க்கிழமை மத்தியானம் அக்கா மாடிக்குத் துணி எடுக்கப் போனபோது, அவர் அடுப்படியில் காஸ் அடுப்பின் மேலே ரெண்டு கையையும் காட்டிக்கொண்டு நின்றார். உலகு பார்த்துவிட்டாள். "உலகு, உங்க அக்காட்டச் சொல்லிராதம்மா" என்றவர், சாயங்காலம் ஒரு பெட்டி சாக்லேட் வாங்கி வந்து அடுப்படியிலேயே வைத்துக் கொடுத்தார். கொடுத்துவிட்டுப் போகவில்லை, அங்கேயே நின்றார். ஃபிரிட்ஜிலிருந்து பாலை எடுத்து வைத்தார், மறுபடி உள்ளே வைத்தார். பிறகு, "நான் ஒண்ணு கேட்டா மறைக்காமச் சொல்லுவியா? உங்க அக்காவுக்கு என்னைப் பிடிக்கலையோ?" என்றார்.

அந்தக் கேள்விதான் இந்தச் சூட்டுக்குள்ளும் ஒரு இடத்தில் ஜில்லென்று நிற்கிறது. அதற்குப் பிறகு தின்ற சாக்லேட் எதுவும் இனிக்கவில்லை. (தின்றாள். அது வேறு.) அவர் ஏன் கேட்டார் என்று அவளுக்குத் தெரியும். காலையில் அவர் எழுந்து பார்த்தால் அக்கா பக்கத்தில் இருப்பதில்லை. ஹாலில், உலகுக்குப் பக்கத்தில், வெறும் தரையில் தலையணையைப் போட்டுக் கிடப்பாள். கேட்டால், "உலகு தனியாப் படுக்கப் பயப்படுதா" என்பாள். யார், உலகா? சுடுகாட்டு வழியாகக் குறுக்கே டியூஷனுக்குப் போனவள். அதைவிட மோசம், உலகு வருவதற்கு முன்னால் அது முதுகு வலியாக இருந்தது, அதற்கு முன்னால் சாமிக்கு விரதமாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை உலகு ஊருக்கு பஸ் ஏறிவிட்டால் அடுத்து என்ன சொல்லுவாள்? ஒன்றும் சொல்ல மாட்டாள். ஹாலில் நிரந்தரமாக ஒரு பாய் வந்துவிடும். அவரும் ஒன்றும் கேட்க மாட்டார். உங்களுக்கு எது சரியோ அது. அப்படித்தான் ஆரம்பிக்கும். தென்காசி வீட்டில் அப்பா வாசல் பக்கத்து ரூமில், அம்மா பின்கட்டில். சண்டையா என்றால் சண்டை இல்லை. உலகுக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து அப்படித்தான். ஒருநாள் அவள் அம்மாவிடமே கேட்டாள், ஏம்மா தனித்தனியாப் படுக்கீங்க என்று. அம்மா அரிவாள்மணையில் நறுக்குவதை நிறுத்தி யோசித்தாள், நிஜமாகவே யோசித்தாள், "அவருக்கு ஃபேன் ஒத்துக்காதுன்னு நெனைக்கேன்" என்றாள். நெனைக்கேன்! அத்தனை வருஷம் கழித்து, நெனைக்கேன். அப்பாவைக் கேட்டால், "உங்க அம்மைக்கு ஃபேன் வேணும்லா" என்றார். ஒரு ஃபேன். ஒரு ரெகுலேட்டர். ஐந்திலிருந்து மூன்றுக்குத் திருப்புகிறாயா என்று ஒருத்தர் வாய் திறந்து கேட்டிருந்தால் முடிந்தது. இதை நினைத்தால் உலகுக்கு அழுகையும் வரும், ஓங்கி எதையாவது உதைக்க வேண்டும் போலவும் இருக்கும். இப்போது உதைத்தால் டேவிட்ராஜின் சரக்கு கிழிந்து கடை முழுக்க இறகு பறக்கும். நினைத்துப் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. அக்கா தலையில் இறகு, அத்தான் மீசையில் இறகு, ரெண்டு பேரும் அப்போதும், பரவாயில்ல, எனக்கு எதுன்னாலும் சரி.

"எப்படிம்மா இருக்கு, கதகதன்னு இருக்கா?" டேவிட்ராஜ் குனிந்து கேட்டார். "ம்" என்றாள். கதகதப்பெல்லாம் தாண்டிவிட்டது. கழுத்துக்குக் கீழே ஈரம் ஊறத் தொடங்கியிருந்தது. ஓகோ, அக்காவுக்கு இப்படித்தான் இருக்குமா? அக்காவுக்கு இது படுத்த உடனே ஆரம்பித்துவிடும். உள்ளங்காலை வெளியே நீட்டலாமா என்று பார்த்தாள், நீட்டினாள், கார்த்திகை மாதத்து மலைக் காற்று கதவு வழியாக வந்து காலில் பட்டதும் ஐயோ அம்மா என்று உள்ளே இழுத்துக்கொண்டாள். ஓகோ, அத்தானுக்கு இப்படியா. ஒரே நேரத்தில் ரெண்டு பேராகவும் இருக்க முடிகிறது. உடம்பு அக்கா, கால் அத்தான். தலை மட்டும் உலகு, அதுதான் வலிக்கிறது. "சரி, உனக்குக் குளிருதுன்னா கனமானதே எடுத்துருவோம். இதையே போட்டுருங்க" என்று அத்தான் சொல்வது கேட்டது. குரலில் என்ன ஒரு சந்தோஷம். விட்டுக்கொடுத்த சந்தோஷம் பாதி, இன்றைக்காவது நடுங்காமல் தூங்கலாம் என்கிற சந்தோஷம் பாதி. உலகு போர்வையை மூக்குக்குக் கீழே இழுத்துப் பார்த்தாள். அக்கா சிரித்துக்கொண்டு நின்றாள். ஊசி போட நர்ஸ் வரும்போது சின்னப் பிள்ளையில் சிரிப்பாளே, அந்தச் சிரிப்பு. இதற்கு அடியில் அவள் ஒரு மணி நேரம் தாங்க மாட்டாள். ஹாலுக்கு வருவாள். அவர் காலையில் எழுந்து, இவ்வளவு நல்ல போர்வை வாங்கிக் கொடுத்தும் வரவில்லை என்றால் போர்வை காரணமில்லை, நான்தான் காரணம் என்று முடிவு கட்டிவிடுவார். கணக்கில் கெட்டிக்கார மனுஷன், தப்பான கணக்கைக்கூட ஒழுங்காகப் போட்டு முடிப்பார். டேவிட்ராஜ் பில் புக்கை எடுக்கப் போய்விட்டார். சொல்லிவிடலாமா? சொல்லக் கூடாது. சூட்டு உடம்பைப் பற்றி மூச்சு விடக் கூடாது என்று அக்கா உலகம்மன் பேரில் சத்தியம் வாங்கியிருக்கிறாள். கோயில் சத்தியம். அத்தானுக்குச் சத்தியம் இல்லை, சாக்லேட் மட்டும்தான், ஆனால் ஒன்றைச் சொன்னால் மற்றதும் வந்துவிடும். சத்தியத்தை மீறினால் என்ன ஆகும்? கண் போகும் என்று ஒன்றாம் வகுப்பில் சொன்னார்கள். உலகம்மனுக்கும் உலகம்மைக்கும் ஒரே பேர்தானே, நாங்கள் ரெண்டு பேரும் தனியாகப் பேசித் தீர்த்துக்கொள்கிறோம். அம்மனுக்கும் வீட்டில் ஒரு புருஷன் இருக்கிறார், தலையில் கங்கையை வைத்துக்கொண்டு பனிமலையில் உட்கார்ந்திருக்கிறவர். போர்வைப் பிரச்சினை அவளுக்குத் தெரியாததா?

உலகு எழுந்து உட்கார்ந்தாள். "அண்ணாச்சி, பில் போடாதீங்க" என்று கத்தினாள். தலையணை உறை பார்த்துக்கொண்டிருந்த ஒரு அம்மா திரும்பிப் பார்த்தாள். "அத்தான், அவளுக்குக் குளிரவே குளிராது. அவளுக்கு வேகுது. சூட்டு உடம்பு. அதான் ஹாலுக்கு ஓடி வாரா. எனக்கு ஒரு பயமும் கெடையாது. எக்கா, இவருக்கு நடுங்குது. காஸ் அடுப்புல கை காயவைக்காரு. இப்ப என்ன வேணும்னாலும் வாங்குங்க." சொல்லி முடித்த பிறகுதான் மூச்சு விட்டாள். கண் இரண்டும் இருந்தன.

அக்காவின் முகம் செங்கல் மாதிரி ஆயிற்று. "ஏட்டி, சத்தியம் பண்ணுனேல்லா! நீ மனுஷிதானா?" என்றாள், அழப்போகிற குரலில். அத்தான் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை. அவர் ஏதோ பரீட்சையில் பாஸ் என்று கேட்டவர் மாதிரி நின்றார். "சூடா? சூட்டுக்கா தள்ளிப் படுத்த?"

"பின்ன?"

"என்னைப் பிடிக்கலைன்னுல்லா நான்…"

"உங்களையா?" அக்காவுக்கு அழுகை பாதியில் நின்றுவிட்டது. "ஒங்களுக்குக் கிறுக்கா? நீங்க பக்கத்துல வந்தா எனக்குக் கொதிக்கும், அதச் சொன்னா உங்க அம்மை காதுக்குப் போகும், பிள்ளை தங்காதும்பாங்க. அதுக்குத்தான் நான் அந்தப் பாடு படுதேன்."

"எங்க அம்மைக்குத் தலைக்கு மேல ஃபேன் நின்னா ஊரக் கூட்டிருவா. அவளே சூட்டு உடம்பு. நாங்க நாலு பேரு பொறந்தோம்." அத்தான் சிரிக்க ஆரம்பித்துவிட்டார். சிரித்துக்கொண்டே, "நீ வேற. நான் தெனமும் ரெண்டு சாக்ஸ் மாட்டிக்கிட்டு அந்த ஓரத்துல குறுகிக் கெடக்கேன். எங் கால் ஐஸ் மாதிரி இருக்கும், தூக்கத்துல உன் மேல பட்டுச்சுன்னா பதறிருவியேன்னு."

அக்கா அவரைப் பார்த்தாள். அந்தப் பார்வையை உலகு முன்னே பார்த்திருக்கிறாள், சித்திரை வெயிலில் சர்பத் கடையைப் பார்க்கிற பார்வை. "ஐஸ் மாதிரியா?" என்றாள். "எங்க, காட்டுங்க." அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். "இங்கயா?" "காட்டுங்கன்னா!" ஷூவைக் கழற்றினார், ஒரு சாக்ஸ், அதற்குள்ளே இன்னொரு சாக்ஸ், வெளியே வந்த கால் நீலமாகவே இருந்தது. அக்கா செருப்பை உதறினாள், "தள்ளுட்டி" என்று உலகின் இடுப்பில் ஒரு இடி இடித்துக் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தாள், அவரையும் இழுத்து உட்கார வைத்தாள், தன் உள்ளங்காலைத் தூக்கி அவர் பாதத்தின் மேல் வைத்தாள். ரெண்டு பேரும் ஒரே நேரத்தில் ஒரு சத்தம் போட்டார்கள். அவருடையது அடுப்பைத் தொட்டவன் சத்தம், அவளுடையது அருவிக்குள் தலையைக் கொடுத்தவள் சத்தம். தலையணை உறை அம்மா உறையைக் கீழே போட்டுவிட்டாள்.

"அட, நீங்க ரெண்டு சிங்கிளா எடுத்திருங்களேன். சாருக்கு இந்தக் கனம், மேடத்துக்கு இருக்கறதுலயே லேசு. ஒரே கட்டில்தானே" என்றார் டேவிட்ராஜ், வியாபாரம் கைவிட்டுப் போகாத நிம்மதியில். ஒரே கட்டிலில் ரெண்டு போர்வையா, பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்று அக்கா கேட்பாள் என்று உலகு எதிர்பார்த்தாள். அக்கா கேட்கவில்லை. "அதுக்கு அகலம் பத்துமா? கால் இந்தப் பக்கம் வரணும்" என்று மட்டும் கேட்டாள். காலை எடுக்கவே இல்லை. அத்தானும் எடுக்கச் சொல்லவில்லை. அவர் முகத்தில் ரத்தம் ஏறி, காதோரத்தில் லேசாக வேர்த்திருந்தது. மூன்று பேருக்கு அந்தக் கட்டில் போதவில்லை. உலகு அந்தப் பக்கமாக இறங்கி, சில்லென்ற தரையில் வெறும் காலோடு செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது, அக்கா திரும்பிப் பார்க்காமலே கூப்பிட்டாள்.

"ஏட்டி உலகு. ஞாயித்துக்கெழமை வரைக்கும் உனக்கு இங்க என்ன சோலி? நாளைக்கே ஊருக்குக் கெளம்பு."

"காலை பஸ்ஸா, சாயங்கால பஸ்ஸா?"

"எது மொதல்ல வருதோ அது."